ஒரே வீட்டில் ஒருவர் வெடிக்கிறார், ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார்: இதை எது முடிவு செய்கிறது?

செந்தூல்_வாணி கேட்டது:

வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. கொடுத்திருக்கும் தலைப்பு "கோபத்தைக் கட்டுப்படுத்துவோம்". தலைப்பே எனக்கு இடிக்கிறது. கட்டுப்படுத்து என்று சொல்ல ஒரு மணி நேரம் எதற்கு? அதைத்தான் எல்லா வீட்டிலும் தினமும் சொல்கிறார்களே.

வருவது நாற்பது பேர் போல. பாதிப் பேர் வேலை முடிந்து நேரே வருவார்கள். அதனால் தியரி குறைவாகவும், வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி ஏதாவதும் இருக்க வேண்டும். என் சந்தேகங்கள் இவை:

ஒரே அம்மா அப்பா, ஒரே சாப்பாடு. அண்ணன் கதவை அறைகிறான், தம்பி கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். ஏன்?

"அடக்கிக்கொள்" என்பதும் "மனசுல வச்சுக்காதே, கொட்டிடு" என்பதும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. எது சரி?

நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் மாறுமா?

"மூச்சை இழுத்து விடு" தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? அதைச் சொன்னாலே கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும்.

---

ஜெலுத்தோங்_ஆலோசகர்:

வாணி, தலைப்பு இடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உணர்ச்சி என்பது ஒரு கணத்தில் வந்து விழுகிற கல் என்று நினைத்தால் கட்டுப்படுத்துவது ஒன்றுதான் வழி. உண்மையில் அது ஒரு சங்கிலி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998ல் இதை ஐந்து இடமாகப் பிரித்தார்: எந்தச் சூழலுக்குள் போகிறோம், போன சூழலை எப்படி மாற்றுகிறோம், அதில் எதைக் கவனிக்கிறோம், கவனித்ததற்கு என்ன பொருள் கொடுக்கிறோம், கடைசியாக, வந்துவிட்ட உணர்ச்சியை முகத்திலும் குரலிலும் என்ன செய்கிறோம். ஐந்து இடத்திலும் கை வைக்கலாம். நம் வீடுகளில் சொல்லித் தருவது ஐந்தாவதை மட்டும்தான்.

கூட்டத்துக்குப் புரிய ஒரே ஒரு காட்சி போதும். மாலை 7 மணி. அப்பா மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறி, நின்றுகொண்டே வந்து, இப்போதுதான் செருப்பைக் கழற்றுகிறார். பையன் கணிதத் தாளை நீட்டுகிறான். 38 புள்ளி, சிவப்பு மையில். காலையில் கையெழுத்து வேண்டும்.

இதே காட்சியில் ஐந்து இடத்தையும் காட்டுங்கள். முதல் இடம், நேரம். பள்ளித் தாள் எதுவானாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, 8.30க்கு என்று வீட்டில் ஒரு வழக்கம் இருந்தால் இந்தக் காட்சியே நடக்காது. இரண்டாவது, இடமும் ஆட்களும். பாட்டியும் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்றபடி தாளைப் பார்ப்பது ஒன்று. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மேசையில் இருவர் மட்டும் உட்காருவது வேறு. மூன்றாவது, கண் எங்கே போகிறது. சிவப்பு எண்ணில் ஒட்டிக்கொண்டால் அதற்குமேல் எதுவும் தெரியாது. தாளைத் திருப்பி எந்தக் கேள்வியில் தவறினான் என்று பார்த்தால் பின்னத்தில் மட்டும் ஏழு தவறு என்பது தெரியும். நான்காவது, பொருள். "இவன் என் மானத்தை வாங்கத்தான் பிறந்தான்" என்பதும் "இவனுக்குப் பின்னம் புரியவில்லை" என்பதும் ஒரே தாளுக்குக் கொடுக்கும் இரண்டு பொருள்கள். வரப்போகும் உணர்ச்சி இங்கேதான் முடிவாகிறது. ஐந்தாவது, இது எதுவும் நடக்காமல் கோபம் தலைக்கேறிய பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவது.

ஐந்தாவதுக்கு விலை அதிகம். கிராஸும் லெவன்சனும் 1990களில் ஆட்களுக்கு அருவருப்பூட்டும் படக் காட்சிகளைப் போட்டு, ஒரு பகுதியினரிடம் "முகத்தில் எதுவும் தெரியக்கூடாது" என்றார்கள். முகம் அமைதியானது. உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை. இரத்தக் குழாய்கள் இறுகுவது போன்ற உடல் அறிகுறிகள் கூடின. பின்னால் வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: முகத்தை அடக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் கேட்டது சரியாக நினைவில் நிற்பதில்லை. திட்டு வாங்கும்போது "கண்ணீர் வரக்கூடாது" என்று ஆணையும் சேர்த்துப் போட்டால், பிள்ளையின் கவனம் முழுவதும் கண்ணீரை நிறுத்துவதற்கே போய்விடும். பிறகு "அவ்வளவு சொன்னேனே, ஒண்ணு கூட மண்டையில ஏறலையா" என்று கேட்டு என்ன பயன்?

உங்கள் தலைப்பை மாற்ற முடிந்தால் "கோபம் வருவதற்கு முன்னால்" என்று வைத்துப் பாருங்கள்.

---

கேஎல்_குமரன்:

எல்லாம் சரி, ஆனா அடக்கி அடக்கி வச்சா பிரஷர் குக்கர் மாதிரி ஒருநாள் வெடிக்கும். அதுக்குத்தான் வெளிய கொட்டணும். தலையணையைக் குத்தலாம், காடியில கண்ணாடிய ஏத்திட்டுக் கத்தலாம். ரிலீஸ் ஆயிடும்.

---

மொழி_மனம்:

குமரன் தம்பி, இந்தக் குக்கர் உவமைதான் நிறையப் பேரைக் கெடுத்தது. உள்ளே அளவு குறிக்கப்பட்ட நீராவி எதுவும் சேர்ந்துகொண்டு இருப்பதில்லை. பிராட் புஷ்மன் 2002ல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்ட ஒரு குழுவைக் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு குழு சும்மா உட்கார்ந்திருந்தது. குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம், பிறகு அடுத்தவர் மேல் காட்டிய வன்மமும் அதிகம். குத்தும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தை நினைப்பதால் அது ஒத்திகையாகிவிடுகிறது. ஓடுவது நல்லதுதான். அவனை நினைத்துக்கொண்டே ஓடுவதுதான் வேலைக்கு ஆகாது.

மமாக் கடையில் மூன்று தே தாரேக் குடித்து முடிக்கும் வரை அதே ஆளைப் பற்றி அதே கதையைப் பேசுவதும் இந்த வகைதான். ஆறுதல் மாதிரி இருக்கும், எழுந்திருக்கும்போது உட்கார்ந்தபோது இருந்ததைவிட சூடு ஏறியிருக்கும். பேசுவதில் தவறில்லை. நண்பர் "அப்புறம் என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது அசைபோடுதல். "இப்ப நீ என்ன செய்யப் போற?" என்று ஒரு கட்டத்தில் கேட்டால் பேச்சு வேறு தடத்துக்குப் போகும்.

ஆலோசகர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மறுப்பு உண்டு. அடக்குவது எப்போதும் கெடுதல் என்று கூட்டத்தில் சொல்லிவிட வேண்டாம். எமிலி பட்லரும் கிராஸும் சேர்ந்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், ஆசியப் பண்பாட்டு மதிப்பீடுகளைப் பிடித்து வைத்திருக்கும் பெண்களுக்கு அடக்குவதால் வரும் கெடுதல் குறைவாக இருந்தது. பெரியவர் முன்னால் முகம் சுளிக்காமல் இருப்பதை மரியாதையாக நினைத்துச் செய்பவருக்கு ஒரு கணக்கு. வாயைத் திறந்தால் அடி விழும் என்று பயந்து அடக்குபவருக்கு வேறு கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி: அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகு, நடந்ததைச் சொல்ல அவருக்கு வேறொரு ஆள் இருக்கிறாரா?

---

பட்டர்வொர்த்_டீச்சர்:

அண்ணன் தம்பி கேள்விக்கு வருகிறேன். அதை யாரும் தொடவில்லை.

முதலில் பிறவிக்குணம். அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956ல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் கைக்குழந்தைகளையே பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 40 விழுக்காடு எளிதில் பழகும் ரகம். 10 விழுக்காடு எதற்கும் பலமாக எதிர்வினை காட்டும் ரகம். 15 விழுக்காடு மெதுவாக இறங்கி வரும் ரகம். மீதிப் பேர் கலவை. யாரும் சொல்லித் தருவதற்கு முன்பே இந்த வேறுபாடு இருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்னதில் நான் முக்கியமாக நினைப்பது இதற்கு அடுத்தது: குழந்தையின் குணமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதுதான் பின்னாளைத் தீர்மானிக்கிறது. மெதுவாக இறங்கி வரும் பிள்ளையைத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் கதவைத் திறந்ததும் ஐம்பது பேருக்குக் கை கொடுக்கச் சொன்னால் அவன் உறைந்து போவான். "என்ன திமிரு பாரு" என்று பெயர் விழும். பதினைந்து நிமிடம் முன்னதாகக் கூட்டிப்போய், கூட்டம் சேர்வதற்குள் வீட்டைப் பழகவிட்டால் அதே பிள்ளை மாமாவுடன் முறுக்குத் தட்டு தூக்குவான்.

இரண்டாவது, "ஒரே வீடு" என்பதே சரியில்லை. மூத்தவன் பிறந்தபோது அப்பாவுக்கு வேலை நிலையில்லை, வாடகை பிளாட், பாட்டி கூடவே இருந்தார். இளையவன் பிறந்தபோது பாட்டி இல்லை, அம்மாவும் வேலைக்குப் போகிறார். முகவரி ஒன்றுதான், வளர்ந்த வீடு இரண்டு.

மூன்றாவது, வீடு சொல்லித் தரும் விதம். 2007ல் அமண்டா மோரிஸும் சக ஆய்வாளர்களும் இதை மூன்று வழியாகத் தொகுத்தார்கள். பிள்ளை பார்த்துக் கற்பது, பெற்றோர் நேரடியாகச் செய்வதும் சொல்வதும், வீட்டில் பொதுவாக நிலவும் சூடு குளிர். பெற்றோர்கள் இரண்டாவதைப் பற்றியே கவலைப்படுவார்கள். முதலாவது சத்தமில்லாமல் வேலை செய்துவிடும். "கத்தாதே!" என்று கத்தும் அப்பாவிடமிருந்து பிள்ளை கற்பது அந்தச் சொல்லை அல்ல, சத்தத்தை. கூட்டரசு நெடுஞ்சாலை ஜாமில் யாராவது குறுக்கே புகுந்தால் ஓட்டுபவர் வாயில் என்ன வருகிறதோ, பின்சீட்டில் உள்ளவனுக்கு அதுதான் பாடம். குறுக்கே விழுந்த காடியைத் திட்டிய அடுத்த நொடி, "சரி, கொஞ்சம் சூடாயிட்டேன், பாட்டு போடு" என்று சத்தமாகச் சொன்னால் அதுவும் பாடம்தான். கோபமே படாத பெற்றோர் தேவையில்லை. கோபத்திலிருந்து இறங்கி வருவதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

நேரடியாகச் சொல்லித் தருவதற்கு ஜான் காட்மன் 1990களில் எழுதிய முறை நல்லது: பிள்ளையின் உணர்ச்சியைச் சின்னதாக இருக்கும்போதே கவனி, அதைத் தொல்லையாகப் பார்க்காதே, கேள், பெயர் வைக்க உதவு, பிறகு எல்லை போட்டு வழி தேடு. நம் வீடுகளில் சறுக்குவது கடைசியிலிருந்து தொடங்குவதால். ஏழு வயதுப் பிள்ளை தரையில் புரண்டுகொண்டு இருக்கும்போது "இப்படி அழுதா யாராவது உன்கூட விளையாடுவாங்களா?" என்று நீதி சொல்வது வீண். அந்த நிமிடத்தில் அவன் காது மூடியிருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள், குறைவாகப் பேசுங்கள். இருபது நிமிடம் கழித்து, மைலோ குடித்துக்கொண்டிருக்கும்போது "உன் முறை வரும்னு காத்திருந்த, வரல. அது ஏமாற்றம்" என்று சொல்லுங்கள். ஒரு சொல்தான். அடித்ததற்கு எல்லை போடுவதும் அப்போதுதான்: "ஏமாற்றமா இருக்கலாம். தங்கச்சிய அடிக்கக் கூடாது."

அந்தச் சொல் விஷயத்தில் ஒரு புலம்பல். "டென்ஷன்" என்ற சொல் ஒரு குப்பைத் தொட்டி. பயமும் அதில், அவமானமும் அதில், பசியும் அதில். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு மட்டும் நான்கு வேர் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுவது, இழந்ததால் அழுவது, இருந்த நிலை கெட்டதால் அழுவது, இல்லாமையால் அழுவது. வெகுளிக்கும் நான்கு உண்டு. அப்படிப் பிரித்துப் பார்த்த மொழியில் எல்லாவற்றையும் "டென்ஷனா இருக்கு"வில் போட்டு மூடுகிறோம். பெயரைப் பிரிப்பது அலங்காரம் இல்லை. இழவுக்குத் துணை வேண்டும், இளிவுக்கு நியாயம் வேண்டும். பெயர் தவறினால் மருந்தும் தவறும். எரிச்சல், கடுப்பு, ஆத்திரம், மனத்தாங்கல், ரோஷம், ஆற்றாமை: இந்த ஆறையும் பலகையில் எழுதி, "நேத்து உங்களுக்கு வந்தது இதில் எது?" என்று கேளுங்கள். அரங்கம் அரை நிமிடம் அமைதியாகிவிடும்.

---

மொழி_மனம்:

டீச்சர் சொன்னதற்கு மூளைப் பக்க ஆதாரமும் உண்டு. மேத்யூ லீபர்மன் குழு 2007ல், கோப முகம், பய முகப் படங்களைக் காட்டி உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அமிக்டலாவின் (பயம், கோபம் போன்றவற்றுக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் மூளைப் பகுதி) கொந்தளிப்பு குறைந்ததைப் பார்த்தது. முகத்துக்கு ஆள் பெயர் வைத்தபோது அந்த அளவு குறையவில்லை.

மலேசியத் தமிழருக்கே உரிய ஒன்றையும் சேர்க்கலாம். நாம் மூன்று மொழியில் உணர்கிறோம். கேத்தரின் ஹாரிஸும் சகாக்களும் 2003ல் துருக்கி மொழி பேசி, பின்னர் ஆங்கிலம் கற்றவர்களுக்குத் தோலில் மின்முனை வைத்து அளந்தார்கள். சிறுவயதில் வாங்கிய கண்டிப்புச் சொற்கள் தாய்மொழியில் கேட்டபோது உடல் அதிகமாகத் துள்ளியது. ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்வளவு இல்லை. "வெட்கமா இல்ல உனக்கு?" என்பது ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். தமிழில் அது பாட்டியின் குரலோடு வரும்.

இதை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். சூடு ஏறிய கணவன் மனைவி கணக்கு வழக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசினால் சில சமயம் வெப்பம் தணியும், கொஞ்சம் தூரம் கிடைக்கிறது. ஆனால் மன்னிப்பை அந்தத் தூரத்திலிருந்து கேட்டால் எடுபடாது. படிவம் 4 படிக்கும் பெண்ணிடம் "சாரி லா" என்று சொல்லிவிட்டு நகர்வதற்கும் "அம்மா பேசினது தப்பும்மா" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

தூரம் கிடைக்க இன்னொரு வழி, ஈதன் கிராஸின் (முன்பு சொன்ன ஜேம்ஸ் கிராஸ் இல்லை, வேறொருவர்) ஆய்வுகளில் வருவது: மனதுக்குள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது. "எனக்கு ஏன் இப்படி" என்பதற்குப் பதில் "செல்வி, இப்ப என்ன செய்யலாம்?" கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். அடுத்தவருக்கு யோசனை சொல்லும்போது நமக்கு எவ்வளவு தெளிவு வருகிறது என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

---

ஷிஃப்ட்_மணி:

எல்லாரும் மனசப் பத்தியே பேசறீங்க. தூக்கத்த விட்டுட்டீங்களே.

2007ல வாக்கர் குழு செஞ்ச ஸ்கேன் ஆய்வு. சுமார் 35 மணி நேரம் தூங்காதவங்களுக்கு மோசமான படங்களக் காட்டுனப்ப அமிக்டலா தூங்கினவங்கள விட 60 விழுக்காடு கூடுதலா துள்ளுச்சு. அதப் பிடிச்சு நிறுத்துற முன்மூளைப் பகுதியோட தொடர்பும் பலவீனமாயிடுச்சு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில 12 மணி நேர ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு காலையில பாலத்துல ஜாம்ல நின்னு வர்ற ஆளுகிட்ட "பொறுமையா இரு"ன்னா எங்க இருந்து வரும்?

அதனால மூணு விஷயம் மட்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கி எழுந்திரிக்கிற வரைக்கும் காசு, பிள்ளைங்க படிப்பு, மாமியார், இந்த மூணு பேச்சும் வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும். பசியோட பேச்ச ஆரம்பிக்கக் கூடாது. ஷிஃப்டோட கடைசி ஆறு மணி நேரத்துல கோப்பி, தே, எனர்ஜி டிரிங்க் எதுவும் வேணாம், இல்லன்னா வீட்டுக்கு வந்தும் கண்ண மூடாது. பீரு குடிச்சுட்டுத் தூங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: தூக்கம் சீக்கிரம் வரும், பின்பாதி கெட்டுப் போயிடும்.

புலனக் (வாட்ஸ்அப்) குடும்பக் குழுவுல பதில் எழுதுறதும் அதே கணக்குதான். ராத்திரி 11க்கு மேல எழுதுனத அனுப்பாதீங்க. எழுதி வைங்க, காலையில பாருங்க.

---

செந்தூல்_வாணி:

எல்லாருக்கும் நன்றி. மணி அண்ணன் சொன்ன பேச்சு ஒப்பந்தம் கட்டாயம் உள்ளே வரும். ஆலோசகர் ஐயா, இரண்டு கேள்வி மிச்சம். மூச்சுப் பயிற்சியை நிறையப் பேர் "செஞ்சு பார்த்தாச்சு, வேலைக்கு ஆகல" என்கிறார்கள். உண்மையிலேயே வேலை செய்யுமா? அப்புறம் "வேற கண்ணால பாரு" என்பதை எப்படிச் சொல்லித் தருவது? அது "நல்லதையே நினை" என்று முடிந்துவிடுகிறது.

---

ஜெலுத்தோங்_ஆலோசகர்:

முதலில், மொழி_மனம் திருத்தியது சரி. அதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வேலை செய்யும். வேலை செய்யாமல் போவதற்கு மூன்று காரணங்களைத்தான் அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, பெரிதாக இழுக்கிறார்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும். பயந்தவருக்கு அது இன்னும் பயம். சாதாரண அளவு மூச்சு போதும். மாற்ற வேண்டியது வேகத்தை. மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளியே விடும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது, அதனால் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். இரண்டு, பத்துக்கு ஒன்பது என்று கோபம் ஏறிய பிறகுதான் முதல் தடவையாகச் செய்து பார்க்கிறார்கள். தீப்பிடித்த பிறகு தீயணைப்புக் கருவியின் விளக்கக் குறிப்பைப் படிப்பது மாதிரி. தினமும் ஒரே நேரத்தில், ஒன்றும் இல்லாதபோது ஐந்து நிமிடம். முப்பது மூச்சுதான். இரண்டு வாரம் போனால் உடலுக்கு வழி தெரியும். மூன்று, மூச்சு விட்டுக்கொண்டே அதே வாக்கியத்தை மனதில் ஓட்டுகிறார்கள். எண்ண வேண்டும்.

அடுத்தது மறுபார்வை, அதாவது நீங்கள் கேட்ட "வேற கண்ணால பாரு". இதற்கு இரண்டு எல்லை உண்டு, இரண்டையும் சொல்லாமல் விட்டால் கெடுதல்தான். உணர்ச்சி மிகப் பலமாக இருக்கும்போது மறுபார்வை பிடிக்காது. கால் ஷெப்பஸ் என்ற ஆய்வாளரின் ஆய்வில், தீவிரம் குறைவான படங்களுக்கு மறுபார்வையைத் தேர்ந்தவர்கள், தீவிரம் கூடியதும் தாங்களாகவே கவனத்தைத் திருப்புவதற்குப் போனார்கள். ஆகவே ஏழுக்கு மேல் இருந்தால் முகம் கழுவு, கீழே போய்க் குப்பையைப் போட்டுவிட்டு வா. ஐந்துக்கு வந்த பிறகு யோசி. இன்னொரு எல்லை: மாற்ற முடிந்த விஷயத்துக்கு மறுபார்வை கூடாது. அலிசன் டிராய் 2013ல் காட்டியது இதைத்தான். நம் கையில் இல்லாத சிக்கலில் அது மனச்சோர்வைக் குறைக்கிறது, நம் கையில் உள்ள சிக்கலில் மனச்சோர்வு கூடுவதோடு சேர்ந்து போகிறது. சம்பளத்தை மூன்று மாதமாகத் தராத முதலாளியை வேறு கண்ணால் பார்க்கத் தேவையில்லை, தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். அங்கே கோபம் சரியாகத்தான் வேலை செய்கிறது.

"நல்லதையே நினை" என்று மாறாமல் இருக்க, நல்ல பொருளைத் தேட வேண்டாம். இன்னும் துல்லியமான பொருளைத் தேடுங்கள். ஒரு சோதனை: கேமரா இதைப் பார்த்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்? "மருமகள் என்னை மதிக்கலை" பதிவாகாது. "வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்" பதிவாகும். அதிலிருந்து மூன்று காரணம் எழுதச் சொல்லுங்கள், அதில் ஒன்று தன்னைப் பற்றியதாகவே இருக்கக் கூடாது. தலைவலி, அலுவலகச் சண்டை, கழிவறை. நம்ப வேண்டியதில்லை. முதல் காரணத்தின் பிடி தளர்ந்தால் போதும்.

வயது பற்றிக் கேட்டீர்கள். முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது, அதனால் பதினைந்து வயதில் பொறுமை இல்லை என்பது குணக்கேடு இல்லை. பெரியவர்களுக்கும் கதவு மூடிவிடுவதில்லை. லாரா கார்ஸ்டன்சனின் ஆய்வுகளில் வயது ஏற ஏற மக்கள் எரிச்சலூட்டும் சூழலிலிருந்து சாமர்த்தியமாக விலகிக்கொள்கிறார்கள். முதல் இடத்தில் கை வைப்பது அவர்களுக்குப் பழகிவிடுகிறது.

பழக்கமாக்க பீட்டர் கோல்விட்சரின் முறையைக் கொடுங்கள்: "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்று ஒரே வாக்கியம். "பொறுமையாக இருப்பேன்" செல்லாது, அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "கதவைத் திறந்ததும் பையன் தாளை நீட்டினால், வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, குளித்த பிறகு பார்ப்போம் என்பேன்." ஒருவருக்கு ஒன்று போதும். ஐந்து எழுதிக்கொண்டு போனவர் எதையும் செய்வதில்லை.

---

பட்டர்வொர்த்_டீச்சர்:

கையில் கொடுக்க ஒரு தாள் போதும் வாணி. 14 வரி, நாளுக்கு ஒன்று. கட்டங்கள்: நேரம், கேமராவில் பதிவானது, உடலில் எங்கே (தாடை, நெஞ்சு, வயிறு), பெயர், அளவு பத்துக்கு எத்தனை, என்ன செய்தேன், அரைமணி கழித்து எத்தனை. ஓரத்தில் முந்தின இரவு தூங்கிய மணி நேரம். கட்டத்தைச் சின்னதாக வையுங்கள். பெரிய கட்டம் கொடுத்தால் கதை எழுதுவார்கள், எழுத எழுத அசைபோடுவார்கள். இரண்டாவது வாரம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்: பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே ஆள், தூக்கம் குறைந்த நாள்.

தாளின் பின்பக்கம், மனம் விட்டுப் பேசவும் உதவி கேட்கவும் தொலைபேசி எண்கள் போடுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. வீட்டில் அடிதடி என்றால் தாலியான் காசே 15999. கட்டணம் வாங்கும் ஆலோசகரிடம் போகிறவர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் அவர் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. கை ஓங்குவது நிற்கவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கிறது, சாக வேண்டும் என்ற பேச்சு வருகிறது என்றால் இந்தத் தாளை நிரப்பிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அழைக்க வேண்டும் என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். பின்பக்கத்தை எல்லாரும் படிப்பார்கள் என்று நம்ப முடியாது.

---

செந்தூல்_வாணி:

எழுதிக்கொண்டேன் டீச்சர். தலைப்பைச் சங்கத் தலைவரிடம் கேட்டாயிற்று, பதாகை ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டதாம். "கோபத்தைக் கட்டுப்படுத்துவோம்" பின்னால் தொங்கும், நான் முன்னால் நின்று 38 புள்ளித் தாளைக் காட்டிப் பேசுகிறேன்.

---

ஷிஃப்ட்_மணி:

கூட்டம் எத்தன மணிக்கு? ஏழுன்னா முதல்ல கறிபாப்பும் தண்ணியும் குடுங்க. அப்புறம் பேசுங்க.